திருமுக்கூடல்: சுவரில் எழுதிய கடமை

செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் செல்லும் சாலை நெடுந்தூரம் பாலாற்றின் வடகரையை ஒட்டியே போகிறது. பழையசீவரம் மலையடிவாரத்தில் நின்று எதிர்க்கரையைப் பார்த்தால் மணற்பரப்புக்கு அப்பால் ஒரு கோயில் தெரியும். அதுதான் திருமுக்கூடல் அப்பன் வேங்கடேசப் பெருமாள் கோயில். தெற்கிலிருந்து செய்யாறும் காஞ்சிப் பக்கமிருந்து வேகவதியும் வந்து பாலாற்றில் கலக்கும் இடம் இது. மூன்று ஆறுகள் கூடுவதால் முக்கூடல். இங்கிருந்து செங்கல்பட்டைக் கடந்து கிழக்கே ஓடும் பாலாறு, மாமல்லபுரத்துக்குத் தெற்கே வயலூர், சதுரங்கப்பட்டினம் பக்கத்தில் கடலைச் சேர்கிறது.

மாமல்லபுரத்துக்கு உலகமே வருகிறது. அதே ஆற்றுவெளியில் இருக்கும் திருமுக்கூடலுக்கு வருபவர் குறைவு. சிற்ப அழகில் கடற்கரைக் கோயிலோடு போட்டியிடும் கோயிலல்ல இது. ஆனால் ஓர் ஊர் தன் பிள்ளைகளுக்குக் கல்வியையும் நோயாளிகளுக்கு மருந்தையும் எப்படி வழங்கியது, அதற்கான நெல்லும் காசும் எங்கிருந்து வந்தன என்பதை இவ்வளவு விரிவாகச் சொல்லும் சுவர் தமிழ்நாட்டில் மிக அரிது. மரபுச் சின்னம் என்றதும் நாம் கோபுரத்தையும் சிலையையும் நினைக்கிறோம். அவற்றைத் தாங்கி நின்ற ஏற்பாடும் மரபுதான். அதிலும் முதன்மையான மரபு அதுவே என்பதுதான் இக்கட்டுரை வலியுறுத்தும் கருத்து.

போரும் நெல்லும் ஒரே கல்லில்

இக்கோயில் சோழருக்கு முற்பட்டது. பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்துக் கல்வெட்டு இங்கே உண்டு. ஆகவே ஒன்பதாம் நூற்றாண்டிலேயே இங்கு வழிபாடு நடந்திருக்கிறது. ஆனால் ஊரின் பெயரை வரலாற்றில் நிலைநிறுத்தியது வீரராசேந்திர சோழனின் ஆறாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு. முதலாம் இராசேந்திரனின் மகனான இவன் 1063இல் அரியணை ஏறியவன். எனவே கல்வெட்டின் காலம் 1069ஐ ஒட்டியது. 1915இல் தொல்லியல் துறையினர் அதைப் படியெடுத்தனர். பின்னர் கே. வி. சுப்பிரமணிய ஐயர் அதை ஆராய்ந்து ‘எபிகிராபியா இண்டிகா’ 21ஆம் தொகுதியில் பதிப்பித்தார்.

மற்ற சோழர் கல்வெட்டுகளைப் போலவே இதுவும் மெய்க்கீர்த்தியுடன் தொடங்குகிறது. சாளுக்கியரைக் கூடல் சங்கமத்தில் வென்ற பெருமை முழங்குகிறது. யானைகளும் குதிரைகளும் கைப்பற்றிய செல்வங்களும் வரிவரியாக வருகின்றன. அந்த முழக்கம் ஓய்ந்ததும் கல்வெட்டின் குரல் மாறிவிடுகிறது. இன்ன செலவுக்கு இவ்வளவு நெல், இன்னாருக்கு இவ்வளவு காசு, விளக்குக்கு இவ்வளவு எண்ணெய் என்று கணக்கனின் நிதானமான நடையில் இறங்குகிறது. வடக்கே ஓர் ஆற்றுச் சங்கமத்தில் நடந்த போரின் புகழும், இந்த முக்கூடலில் நாள்தோறும் வேகவேண்டிய சோற்றின் அளவும் ஒரே கல்லில் அடுத்தடுத்து நிற்கின்றன. போரின் புகழை அரண்மனைப் புலவர்கள் எல்லா ஊர்ச் சுவர்களுக்கும் ஒரே வாசகமாக அனுப்பினார்கள். சோற்றுக் கணக்கு இந்த ஊருக்கே உரியது. அதனால்தான் கல்வெட்டின் பின்பாதி எனக்குப் பெரிதாகப் படுகிறது.

செலவுக்கான வருவாயும் அதில் தெளிவாக இருக்கிறது. வயலைக்காவூர் என்ற ஊர் இக்கோயிலின் தேவதானம். அங்கிருந்து வரவேண்டிய 75 கழஞ்சு பொன்னை எந்தெந்தச் செலவுக்கு ஒதுக்குவது என்று அரசாணை வகுக்கிறது. வயலக்காவூர் இன்றும் உத்திரமேரூர் வட்டாரத்தில் இருக்கிறது. ஓர் ஊரின் விளைச்சல் இன்னோர் ஊரின் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் முதலாக இருந்திருக்கிறது.

சனநாத மண்டபத்துப் பள்ளி

கோயிலில் சனநாத மண்டபம் என்றொரு மண்டபத்தை மாதவன் தாமயன் என்ற வைசியர் கட்டினார். வேதமும் இலக்கணமும் கற்பிக்கும் பள்ளி, மாணவர் தங்கும் விடுதி, மருத்துவமனை ஆகிய மூன்றும் இம்மண்டபத்தைச் சார்ந்து நடந்தன. இருக்கு வேதம் படிக்க 10 மாணவர், யசுர் வேதம் படிக்க 10 மாணவர், வியாகரணமும் ரூபாவதாரமும் படிக்க 20 மாணவர் என்று எண்ணிக்கை வகுத்திருந்தார்கள். இவர்களுடன் பாஞ்சராத்திரரும் வைகானசரும் சிவப்பிராமணரும் சேர்ந்து 60 பேர் அன்றாடம் உண்டனர். திருமால் கோயிலின் சோற்றுப் பந்தியில் சிவப்பிராமணருக்கும் இலை போடப்பட்டது கவனிக்கத்தக்கது.

பாடத்திட்டமும் அப்படியே. ரூபாவதாரம் என்ற வடமொழி இலக்கண நூலை இயற்றிய தருமகீர்த்தி பௌத்தர் என்று அறிஞர் கருதுவர். வைணவக் கோயில் பள்ளியில் பௌத்தர் எழுதிய இலக்கணம் பாடமாக இருந்தது. இதே வீரராசேந்திரன் பெயரால்தான் பௌத்தரான புத்தமித்திரர் ‘வீரசோழியம்’ என்ற தமிழ் இலக்கணத்தைப் படைத்தார். நல்ல நூல் யார் எழுதினாலும் படிப்போம் என்ற மனம் அக்காலக் கல்விக்கூடங்களில் இருந்திருக்கிறது.

மாணவருக்குச் சோறு போட்டதோடு ஊர் நின்றுவிடவில்லை. படுக்கப் பாய், சனிக்கிழமை தோறும் தலைக்குத் தேய்த்துக் குளிக்க எண்ணெய், இரவில் எரிய விளக்கெண்ணெய் ஆகியவற்றுக்கும் ஒதுக்கீடு இருந்தது. வீட்டைப் பிரிந்து வந்த பிள்ளைக்குச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் தவறக்கூடாது என்று யாரோ ஒரு பெரியவர் நினைத்திருக்கிறார். அந்த நினைப்பு அரசாணையாகிக் கல்லில் ஏறிவிட்டது.

இது தனித்த நிகழ்ச்சியும் அல்ல. பாகூரில் இருந்த வித்தியாஸ்தானத்துக்கு நிருபதுங்கவர்மன் மூன்று ஊர்களைக் கொடையளித்ததைப் பாகூர்ச் செப்பேடு கூறுகிறது. முதலாம் இராசேந்திரன் காலத்து எண்ணாயிரம் கல்லூரியில் 340 மாணவர் பயின்றனர். திரிபுவனையில் 260 மாணவரும் 12 ஆசிரியரும் இருந்தனர். அவற்றோடு ஒப்பிட்டால் திருமுக்கூடல் பள்ளி சிறியது. அதன் தனிச்சிறப்பு, பள்ளிக்குப் பக்கத்திலேயே மருத்துவமனையையும் வைத்ததுதான்.

வீரசோழன் ஆதுலசாலை

மருத்துவமனைக்கு ஆதுலசாலை என்பது அக்கால வழக்கு. தஞ்சையிலும் சுந்தரசோழ விண்ணகர் ஆதுலசாலை என்றொன்று இருந்தது. திருமுக்கூடல் ஆதுலசாலையின் பெயர் வீரசோழன். 15 நோயாளிகள் படுத்துச் சிகிச்சை பெற இடமிருந்தது. மாணவரும் கோயில் பணியாளரும் இங்கே மருத்துவம் பெற்றனர்.

தலைமை மருத்துவர் கோதண்டராமன் அசுவத்தாமப் பட்டன். அவருக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல்லும் ஆண்டுக்கு எட்டுக் காசும் ஊதியம். அறுவைச் சிகிச்சை செய்பவர் ஒருவர் தனியாக இருந்தார். மூலிகை பறித்துவரவும் விறகு கொண்டுவரவும் ஆட்கள், நோயாளிகளைக் கவனித்து மருந்து கொடுக்கப் பெண்கள், ஒரு நாவிதர், தண்ணீர் கொண்டுவர ஒருவர் என்று பணியாளர் பட்டியல் நீள்கிறது. நோயாளி ஒவ்வொருவருக்கும் நாளுக்கு ஒரு நாழி அரிசி. இரவு முழுதும் எரிய ஒரு விளக்கு. குடிக்க, ஏலமும் இலாமிச்ச வேரும் இட்டு மணமூட்டிய நீர்.

கல்வெட்டின் மிக அரிய பகுதி, ஓராண்டுக்கு இருப்பு வைக்கவேண்டிய மருந்துகளின் பட்டியல். ஏறத்தாழ இருபது மருந்துகளின் பெயர்கள் உள்ளன. கடுக்காயை அடிப்படையாகக் கொண்டவை மட்டுமே பல. ஆடாதோடையோடு சேர்த்த வாசா அரீதகி, பத்து வேர்களோடு சேர்த்த தசமூல அரீதகி, சேங்கொட்டையோடு சேர்த்த பல்லாதக அரீதகி, கோமூத்திர அரீதகி என்று அவை வரிசையாக வருகின்றன. பூண்டும் ஆமணக்கும் சேர்ந்த தைலம், வில்வம் சேர்ந்த நெய், கல்யாண லவணம் என்னும் மருந்துப்பு, பல்லாண்டு பழகிய நெய் ஆகியவையும் உண்டு. இருமலுக்கு ஆடாதோடை, வயிற்றுக்குக் கடுக்காய், வாதத்துக்கு ஆமணக்கெண்ணெய் என்று இன்றும் நம் பாட்டிமார் சொல்வார்கள். ஒன்பதரை நூற்றாண்டுக்கு முன் இந்த ஆற்றங்கரையில் எந்தெந்த நோய்கள் மக்களை வருத்தின என்பதை இந்தப் பட்டியலிலிருந்தே ஒரு சித்த மருத்துவராலோ ஆயுர்வேத மருத்துவராலோ பெருமளவு ஊகித்துவிட முடியும்.

மருந்துக்கென்று காசு ஒதுக்கியது ஒரு சிறப்பு. அதைவிடப் பெரியது, மருந்தின் பெயரையும் பொதுவில் எழுதிவைத்தது. மருந்து இல்லை என்று யாரும் ஒரு நோயாளியைத் திருப்பி அனுப்பிவிட முடியாது. என்ன இருக்கவேண்டும் என்பது சுவரில் இருக்கிறது.

கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை

இந்த எழுதிவைக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை பக்கத்திலேயே இருக்கிறது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில் 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட இரு கல்வெட்டுகள் ஊராட்சித் தேர்தல் முறையை வகுத்தவை. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். ஆண்டு வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் வாரியத்தில் சேர முடியாது. குடவோலையைப் பற்றி மேடைதோறும் பேசும் நாம் இந்தக் கடைசி விதியை அதிகம் பேசுவதில்லை. ஆனால் உத்திரமேரூர் ஊராட்சியின் உயிர்நாடி அதுதான்.

இந்த ஊரை முழுமையாக ஆராய்ந்த முன்னோடி நூல்களுள் ஒன்று பிரெஞ்சு மொழியில் வந்தது. பிரான்சுவா குரோவும் இரா. நாகசாமியும் சேர்ந்து எழுதிய உத்திரமேரூர் நூலைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1970இல் வெளியிட்டது. அதற்கும் முன்பே பல்லவர் கலையின் வளர்ச்சியை முறைப்படி வகுத்த ழுவோ துப்ரேய் புதுச்சேரியில் பேராசிரியராக இருந்தவர். நம் ஊர்களின் பழமையை ஆராய பிரெஞ்சு அறிஞர் இவ்வளவு ஆர்வம் காட்டியதற்கு ஒரு காரணம் உண்டு என்று நினைக்கிறேன். ஊரும் வழிபாட்டு நிலையமும் ஒன்றையொன்று சார்ந்து வளர்ந்த வரலாறு அவர்களுக்கும் சொந்தமானது.

புர்கோன் நாட்டில் ஒரு மடம்

பிரான்சின் புர்கோன் பகுதியில் குளூனி என்ற ஊர் இருக்கிறது. 910ஆம் ஆண்டு அக்குவித்தேன் கோமகன் வில்லியம் அங்கிருந்த தன் நிலங்களையும் திராட்சைத் தோட்டங்களையும் நீர்நிலைகளையும் ஒரு கிறித்தவத் துறவியர் மடத்துக்கு எழுதிக்கொடுத்தார். எந்த ஆட்சியாளரும் அதில் கைவைக்கக் கூடாது, ஏழைகளையும் வழிப்போக்கரையும் மடம் ஆதரிக்கவேண்டும் என்று கொடைச் சாசனத்தில் கட்டளையிட்டார். உத்திரமேரூர்க் கல்வெட்டுகளுக்குச் சுமார் பத்தாண்டு முந்தியது இந்தச் சாசனம்.

திருமுக்கூடல் ஆதுலசாலை நடந்த காலத்தில் குளூனி மடத்தின் தலைவராக இருந்தவர் ஊகு. 1049 முதல் 1109 வரை அவர் பொறுப்பில் இருந்தார். துறவியர் பின்பற்றிய பெனடிக்ட் ஒழுங்குவிதி, நோயாளியைப் பேணுவதையே எல்லாவற்றுக்கும் முதலாக வைக்கிறது. ஆகவே மடத்துக்குள் நோயாளர் இல்லமும் இருந்தது. 1088இல் ஊகு தொடங்கிய பெருந்தேவாலயம், உரோமில் புனித பேதுரு தேவாலயம் புதிதாக எழும்வரை கிறித்தவ உலகிலேயே மிகப் பெரியது. நிலக்கொடை, அன்னமிடல், கல்வி, மருத்துவம் என்று பாலாற்றங்கரையில் கண்ட அத்தனையும் அங்கும் இருந்தன. இரு ஊரும் ஒன்றையொன்று அறியா. ஆனால் ஊரின் உபரியைக் கடவுளின் பெயரால் ஓரிடத்தில் சேர்த்து, அதை இயலாதவருக்குத் திருப்பிவிடும் வழியை இரண்டுமே கண்டன.

அதன் பின் நடந்தது நமக்குப் பாடம். பிரெஞ்சுப் புரட்சியில் 1790இல் மடம் கலைக்கப்பட்டது. சில ஆண்டுகளில் கட்டடம் விற்கப்பட்டு, பெருந்தேவாலயத்தையே கல் குவாரியாக்கி இடித்தார்கள். இன்று நிற்பது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆயினும் மடத்தின் ஆவணங்கள் ஆயிரக்கணக்கில் தோல் ஏடுகளாகத் தப்பிப் பிழைத்தன. எந்த வயல் யார் கொடுத்தது, எந்த ஆலையின் வருவாய் எதற்குப் போனது என்பதெல்லாம் அவற்றில் இருக்கின்றன. 1928இல் தொடங்கிய அகழாய்வும் இந்த ஏடுகளும் சேர்ந்துதான் இடிந்த குளூனியை மீண்டும் மனக்கண் முன் நிறுத்தின.

நம் ஊரில் நிலை வேறு. இங்கே ஏடும் கட்டடமும் ஒன்றே. சுவர் இடிந்தால் ஆவணமும் போயிற்று. சுவரைத் தேய்த்தால் ஆவணம் அழிந்தது. குளூனிக்கு வாய்த்த இரண்டாம் வாய்ப்பு நமக்கு வாய்க்காது.

ஒரு பாறை காட்டிய கோயில்

எழுத்து தப்பினால் எவ்வளவு மீளும் என்பதற்கு மாமல்லபுரக் கடற்கரையிலேயே சான்று உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்து போனபின், சாளுவன்குப்பத்தில் ஒரு பாறையில் மறைந்திருந்த கல்வெட்டு எழுத்துகள் வெளிப்பட்டன. அவை திருவீழ்ச்சில் என்ற ஊரின் சுப்பிரமணியர் கோயிலுக்கு அளித்த கொடைகளைக் குறித்தன. அப்படியொரு கோயில் அப்போது கண்ணில் படவில்லை. கல்வெட்டை நம்பித் தொல்லியல் துறையினர் அருகிலிருந்த மணல்மேட்டை அகழ்ந்தனர். பல்லவர்க்கும் முற்பட்ட செங்கல் அடித்தளத்தோடு ஒரு முருகன் கோயில் வெளிப்பட்டது. மணல் மூடியதால் மக்கள் மறந்துபோன கோயிலைப் பாறையிலிருந்த சில கொடைக் குறிப்புகள் மீட்டுத் தந்துவிட்டன.

நாம் பெற்றதும் நாம் செய்யவேண்டியதும்

பழமையைப் போற்றும்போது உண்மையை மறைக்கக் கூடாது. திருமுக்கூடல் பள்ளி வேதம் ஓதுவோருக்கான பள்ளி. ஊரார் எல்லோருடைய பிள்ளைகளும் அங்கே படித்திருக்க முடியாது. வயலைக்காவூரில் உழுது அந்த 75 கழஞ்சுக்கு வழி செய்த உழவர் ஒருவரின் பெயரும் சுவரில் இல்லை. மருத்துவரின் பெயர் இருக்கிறது, மருந்து கொடுத்த பெண்களின் பெயர் இல்லை. இந்த மரபை நாம் ஏற்பதென்றால் அதன் வாசலை அகலமாக்கித்தான் ஏற்கவேண்டும். அரசுப் பள்ளியும் சத்துணவும் ஆரம்ப சுகாதார நிலையமும் செய்வது அந்த வேலைதான். அன்று 60 பேருக்கு இருந்த பந்தி இன்று எல்லோருக்குமாக விரிந்திருக்கிறது.

கோயில் இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வழிபாடும் நடக்கிறது. கனுப் பொங்கலன்று காஞ்சி வரதராசப் பெருமாள் பழையசீவரம் மலைக்கு எழுந்தருளி, மாலையில் ஆற்றைக் கடந்து திருமுக்கூடல் வருவார். பழையசீவரம் இலட்சுமி நரசிம்மர், சாலவாக்கம் சீனிவாசர், காவாந்தண்டலம் இலட்சுமி நாராயணர், திருமுக்கூடல் அப்பன் வேங்கடேசர் ஆகியோரும் சேர, ஐந்து பெருமாள்களை ஓரிடத்தில் சேவிக்க ஊர்கள் திரளும். இந்தப் பார்வேட்டைத் திருவிழா சுற்றுவட்டார ஊர்களை ஆண்டுக்கொரு முறை ஒன்றாக இணைக்கிறது. ஆனால் கூட்டத்தில் பெரும்பாலோர் அந்தக் கல்வெட்டுச் சுவரைக் கடந்து போய்விடுகிறார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்ல அங்கே ஆளில்லாததே காரணம்.

ஆகவே நம் மாவட்டங்களின் ஆர்வலர்களும் ஆசிரியர்களும் மூன்று பணிகளைக் கையிலெடுக்க வேண்டும். முதலாவது, எழுத்தைக் காப்பது. திருப்பணி என்ற பெயரில் மணல் வீச்சு எந்திரத்தால் சுவரைத் தேய்த்தும், சுண்ணாம்பும் பெயின்டும் பூசியும் எத்தனையோ கோயில்களில் கல்வெட்டுகள் பாழாயின. திருப்பணிக் குழுவில் கல்வெட்டுப் படிக்கத் தெரிந்த ஒருவர் இருக்கவேண்டும். இரண்டாவது, எழுத்தைப் படிக்க வைப்பது. கல்வெட்டின் சாரத்தை இன்றைய எழுத்தில், எளிய தமிழில் பலகையாக அங்கேயே வைக்கலாம். உள்ளூர்ப் பள்ளிகளின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப்போய் குறுணியும் நாழியும் கணக்குப் போட வைக்கலாம். ஒரு குறுணிக்கு எட்டு நாழி என்றால் மருத்துவரின் ஒரு நாள் நெல் எத்தனை நாழி என்று கேட்டால் போதும், வரலாறு அவர்களுக்கு மனப்பாடப் பகுதியாக இராது.

மூன்றாவதுதான் கடினமானது. அந்தப் பழக்கத்தையே திரும்பக் கொண்டுவருவது. ஊர்ப் பொதுப்பணம் எங்கிருந்து வருகிறது, எதற்குப் போகிறது, சுகாதார நிலையத்தில் எந்தெந்த மருந்து இருப்பில் இருக்கவேண்டும் என்பதை ஊராட்சி அலுவலகச் சுவரில் யாரும் படிக்கும்படி எழுதிவைக்கலாம். கிராம சபையில் அதை வாசிக்கலாம். ஏரிகள் மாவட்டம் என்று பெயர்பெற்ற செங்கல்பட்டில் ஏரி வாரியத்தின் வேலையை இன்று யார் செய்கிறார்கள் என்று கேட்கலாம். மணல் அள்ளித் தாழ்ந்துபோன பாலாற்றுப் படுகைக்கும் அந்தக் கேள்வி பொருந்தும்.

மண்டபத்தைக் கட்டியவர் ஒரு வைசியர். அதைப் பள்ளியாகவும் ஆதுலசாலையாகவும் நடத்திக் காட்டியது நிலமும் நெல்லும் நேர்மையான கணக்கும். அந்த நேர்மையை முன்னோர் நமக்கு வாய்மொழியாக விட்டுப்போகவில்லை. அளவும் பெயரும் இட்டுக் கல்லில் எழுதி, நாள்தோறும் நாம் நடந்துபோகும் வழியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதைப் படித்து, நம் காலத்துக்குரிய கணக்கை அதே தெளிவோடு எழுதிவைப்பதுதான் இந்தப் பாலாற்றங்கரை மக்களாகிய நாம் அவர்களுக்குச் செலுத்தக்கூடிய உண்மையான மரியாதை.